பலவீனமான வீடு

 

இப்பகுதியில் மாதந்தோறும் பிறருக்கு அறிவுரை கூறியே பழகிப்போன என் பேனா, இம்மாதம் என்னுடைய பிழை ஒன்றை எழுத வேண்டியதாகிவிட்டது. அதற்குக் காரணமாக அமைந்தது ஓர் எட்டுக்கால் பூச்சி. "எட்டுக்கால் பூச்சியைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று சிலர் புன்னகைக்கலாம். திருமறையின் 29-ஆவது அத்தியாயத்திற்கே 'அல் அன்கபூத்' (சிலந்தி) என்று பெயர் அமைந்திருக்கும்போது, அதைப் பற்றி நாம் நான்கு பக்கம் எழுதுவதில் குறையொன்றும் இல்லை அல்லவா?

நெய்வேலி நகரியத்தின் பழைய குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் சிலந்தியை அறியாமல் இருக்க முடியாது. 1957-ஆம் ஆண்டு இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். 1961-ல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. வந்து சேர்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்காக வட்டம் வட்டமாக வீடுகள் எழுந்தன. வீட்டைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டார்கள்; வந்தவர்கள் மாவும் பலாவும் முருங்கையும் வாழையும் நட்டார்கள். மரம் உள்ள இடத்தில் நிழலும் ஈரமும் இருக்கும். ஈரம் உள்ள இடத்தில் பூச்சிகள் இருக்கும். பூச்சிகள் உள்ள இடத்தில் அவற்றை உண்ணும் சிலந்தியும் இருக்கும். அந்நாளில் பின்கட்டில் அடுக்கிவைத்த லெக்கோ கரி மூட்டைகளின் இடுக்கில் குடியிருந்த சிலந்திகளின் வாரிசுகள், இன்று காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னாலும் குளியலறைச் சுவர்களிலும் குடியிருக்கின்றன.

மக்தபில் நடந்தது

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள். ஸுபுஹுக்குப் பின் ஓதவரும் பிள்ளைகளின் வகுப்பு. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, திருக்குர்ஆன் பிரதியைத் தொடாமல் பின்வரிசையில் ஒதுங்கி அமர்ந்திருந்தாள். நன்றாக ஓதக்கூடிய பிள்ளை. அழைத்துக் கேட்டேன். தலை குனிந்தபடி, "ஒளூ செய்யலை ஹஜ்ரத்" என்றாள். முந்தின வாரமும் இருமுறை இவ்வாறே நடந்திருந்தது. சோம்பல் என்று எண்ணிச் சற்றுக் கடுமையாகவே காரணம் கேட்டேன்.

"குழாய்க்கிட்ட பெரிய எட்டுக்கால் பூச்சி இருக்கு ஹஜ்ரத்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பை அடக்க வேண்டிய நான் அதற்கு எண்ணெய் வார்த்தேன். "அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறவள் ஒரு பூச்சிக்கு அஞ்சுவாளா? இது ஈமானில் உள்ள குறை" என்று அத்தனை பிள்ளைகளின் முன்னிலையிலும் கூறினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்து வெளியே போகும்போது பையன்கள் இருவர் விரல்களைக் கால்களைப் போல் அசைத்துக் காட்டி அவளைத் துரத்தியதையும் கண்டேன். கண்டும் காணாதவன்போல் இருந்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பத்து நாட்கள் கழிந்தன. காய்ச்சலாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

பதினோராம் நாள் இரவு, வீட்டில் கிதாபு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நூலை உருவினேன். அதனுடன் உள்ளங்கை அகலத்தில் ஒன்று என் புறங்கையின் மேல் விழுந்து, முழங்கை வரை ஓடியது. நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு விளக்கு எரிந்தது. கிதாபு ஒருபக்கம், மூக்குக் கண்ணாடி ஒருபக்கம், நான் நாற்காலியின் மேல். என் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் துணைவியார் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளை ஏன் ஓத வரவில்லை என்று இப்போதாவது விளங்குகிறதா?" என்று கேட்டார். நடந்ததை அவளுடைய தாயார் மூலம் அவர் முன்னரே அறிந்திருக்கிறார். "அவள் முதலில் பயந்தது பூச்சிக்கு. இப்போது பயப்படுவது உங்களுக்கு" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அந்த நாற்காலியின் மேல் நின்றபோது என் ஈமான் எங்கே போயிருந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அச்சமும் ஈமானும்

மறுநாள் திருமறையைப் புரட்டினேன். பலமுறை பாடம் நடத்திய இடங்கள்தாம். ஆனால் அன்று வேறு கண்ணோடு பார்த்தேன். தூர் மலையடிவாரத்தில் நபி மூஸா (அலை) அவர்களின் கைத்தடி பாம்பைப்போல் நெளிந்தபோது, அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள் என்று 27, 28-ஆம் அத்தியாயங்கள் கூறுகின்றன. பிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்தவர், அவனையே எதிர்த்து நிற்கப் போகிறவர், அத்தகையவர் ஓடினார்! அதற்காக அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பெயர் சொல்லி அழைத்தான். அஞ்ச வேண்டாம் என்றான். முன்னே வருமாறு கூறினான். 20-ஆம் அத்தியாயத்தில், அதைப் பிடிக்குமாறும், அதனை அதன் பழைய நிலைக்கே மீட்டுத் தருவதாகவும் கூறினான். எதைக் கண்டு அஞ்சினார்களோ அதனருகே, ஆறுதல் மொழியோடு அழைத்துவந்து, அவர்களுடைய கையையே நீட்டச் செய்தான்.

தவ்ர் குகையிலும் இவ்வாறே. எதிரிகளின் கால்கள் குகை வாயிலில் தெரிந்தபோது, அவர்கள் குனிந்து பார்த்தால் நாம் அகப்பட்டுவிடுவோமே என்று அபூபக்கர் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள், உமக்கு ஈமான் இல்லையா என்று கேட்கவில்லை. நாம் இருவர் மட்டும் அல்லர், மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கிறான் என்ற கருத்தைக் கூறித் தேற்றினார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

தவ்ர் குகை என்றதும் அதன் வாயிலில் சிலந்தி வலை பின்னிய நிகழ்ச்சி நினைவுக்கு வரும். நம் வீடுகளில் பாட்டிமார் தாலாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்த செய்தி அது. திருமறையின் 9-ஆம் அத்தியாயத்தின் 40-ஆம் வசனம் குகையையும், கண்ணுக்குப் புலப்படாத படைகளால் அல்லாஹ் உதவியதையும் கூறுகிறதே தவிரச் சிலந்தியைக் குறிப்பிடவில்லை. சிலந்தியின் செய்தி முஸ்னத் அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையின் தரம் குறித்து ஹதீஸ்கலை அறிஞர்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வதே அமானிதமாகும்.

நம் அறிஞர்கள் அச்சத்தை வகைப்படுத்தியிருக்கிறார்கள். வணக்கத்தின் பாற்பட்ட அச்சம் ஒன்று. அது அல்லாஹ்வுக்கே உரியது. நெருப்பையும் பாம்பையும் இருளையும் கண்டு மனம் கூசும் இயல்பான அச்சம் வேறொன்று, அதில் குற்றமில்லை. இந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன். நடத்தியவன் அதை ஒரு குழந்தையிடம் மறந்துபோனேன்.

செய்யாத குற்றம்

அன்று மாலையே நானும் துணைவியாரும் அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்றோம். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவளுடைய தாயார் தேநீர் வைத்துவிட்டு அச்சத்தின் கதையைச் சொன்னார்.

பிள்ளைக்கு நான்கு வயதிருக்கும்போது, ஒருநாள் காலையில் அவள் கழுத்தில் சூடு போட்டதுபோல் ஒரு கோடு சிவந்து, கொப்புளமாகி எரிந்ததாம். எட்டுக்கால் பூச்சி ஒன்றுக்குப் போய்விட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புக் கூறினார்களாம். அன்றிலிருந்து வீட்டில் சிலந்தி தென்பட்டால் போதும். பாட்டி அலறுவார், தாயார் துடைப்பத்தோடு ஓடிவருவார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வாசலுக்குப் போவார்கள்.

இதை நான் பிற்பாடு ஒரு மருத்துவரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். சிலந்தி அவ்வாறு நீராகக் கழிப்பதே இல்லை. அதன் கழிவு வெள்ளைப் பசைபோன்றது. தோலைப் பொசுக்கும் தன்மை அதற்கு இல்லை என்றார். குற்றவாளி வேறொருவன். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள, ஆரஞ்சும் கருப்பும் மாறிமாறி அமைந்த, எறும்பைப்போல் தோன்றும் ஒரு சிறு வண்டு. பெடரஸ் என்பது அதன் இனப் பெயர். வயல்களில் பயிர்ப் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுவது. மழைக்குப் பின் வரும் நாட்களில் டியூப் லைட் வெளிச்சத்தை நாடி வீட்டுக்குள் வருகிறது. அது கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது தூக்கத்தில் நாம் தேய்த்து நசுக்கிவிட்டால், அதன் உடலில் உள்ள பெடரின் என்னும் நச்சுநீர் பட்ட வழியெல்லாம் ஒருநாள், இரண்டு நாள் கழித்துச் சிவந்து கொப்புளிக்கிறது. காலையில் எழுந்து பார்க்கும்போது வண்டு இருக்காது. சுவரில் சிலந்தி இருக்கும். பழி அதன்மேல் விழும்.

நம் மொழியும் சிலந்திக்கு இந்த அநீதியைச் செய்திருக்கிறது. கட்டிக்கும் கொப்புளத்திற்கும் 'சிலந்தி' என்றே ஒரு பெயர் உண்டு. குடிநீர் வழியாக உடலுக்குள் புகுந்து, கால் தோலைத் துளைத்து வெளிவரும் கினிப் புழுவை 'நரம்புச் சிலந்தி' என்றே முன்னோர் அழைத்தனர். நீரை வடிகட்டிக் குடிக்கும் பழக்கமும் பாதுகாப்பான குடிநீரும் பரவியதால் அந்நோய் ஒழிந்து, 2000-ஆம் ஆண்டில் இந்தியா அதிலிருந்து விடுபட்ட நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அந்த நோயிலும் சிலந்திக்கு எந்தப் பங்கும் இல்லை. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. வாயில்லாப் பிராணியின் மீது வரும் செய்திக்கும் அது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

அச்சம் செய்த கேடு

சிலந்தியைவிடச் சிலந்தி அச்சம் பெரிய கேட்டைச் செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2012-ஆம் ஆண்டு மே மாதம், அஸ்ஸாம் மாநிலம் தின்சுகியா மாவட்டத்தைச் சேர்ந்த சதியா என்னும் ஊரில், நச்சுச் சிலந்திகள் படையெடுத்து வந்து கடிப்பதாகவும் இருவர் உயிரிழந்ததாகவும் செய்தி பரவியது. உலகப் பத்திரிகைகளெல்லாம் அதை எழுதின. ஊரே உறக்கமிழந்தது. ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது, அகப்பட்டவை மயிரடர்ந்த பெரிய சிலந்தி வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஆனால் அந்த மரணங்களுக்குச் சிலந்திக்கடிதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை; உடல்கள் பரிசோதனை செய்யப்படாமலே எரியூட்டப்பட்டிருந்தன. கடிபட்டவர்கள் முதலில் மந்திரிப்பவர்களிடம் சென்றதையும், அங்கே கடிவாயைப் பிளேடால் கீறி இரத்தம் வெளியேற்றப்பட்டதையும் மருத்துவர்கள் குறிப்பிட்டார்கள். அவர்களைத் துன்புறுத்தியதில் சிலந்தியின் பல்லுக்கு எவ்வளவு பங்கு, பிளேடுக்கு எவ்வளவு பங்கு என்பதை இனி யாரும் பிரித்துச் சொல்ல இயலாது.

உலகில் ஆபத்தான சிலந்திகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரப் பகுதியில் வாழும் ஒருவகைச் சிலந்தியின் கடி உயிரைப் பறிக்கவல்லது. 1981-ல் அதற்கு மாற்று மருந்து வந்த பிறகு அதனால் மரணம் நிகழவில்லை. நம் நாட்டின் மரப்பொந்துகளில் வாழும் பெரிய மயிர்ச்சிலந்திகள் கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். ஆனால் உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிலந்தி வகைகளில், மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடியவை மிகமிகச் சொற்பமே.

பயம் எங்கிருந்து வருகிறது?

எங்கள் தெருவில் ஒரு சகோதரர் இருக்கிறார். சுரங்கத்தில் பல மாடி உயரமுள்ள வாளிச்சக்கர இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். இரவு ஷிப்டில், மழையில், அதல பாதாளமாகத் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் நின்று அந்த இராட்சத இயந்திரத்தை இயக்குகிறவர். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது தலைக்கவசத்திற்குள் இருந்து ஒரு சிலந்தி எட்டிப் பார்க்க, கவசத்தை வாசலுக்கு வீசியெறிந்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்! வீரத்திற்கும் இந்த அச்சத்திற்கும் தொடர்பில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். "எங்க அம்மா இப்படித்தான் ஓடுவாங்க" என்று அவரே சிரித்துக்கொண்டு கூறினார்.

அந்தச் சொல்லில் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் சூசன் மினேக்கா என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த இளங்குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு அச்சம் இல்லை. காட்டில் வளர்ந்த அவற்றின் பெற்றோர் பாம்பைக் கண்டு மிரள்வதைப் பார்த்த பிறகு, அவையும் மிரளத் தொடங்கின; பாம்பு அவற்றைத் தீண்டவே இல்லை! 1986-ல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. பாம்பின் முன் அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்துவிட்ட குட்டிகளில் பெரும்பாலானவை, பின்னர் மிரளும் குரங்கைப் பார்த்தபோதும் அச்சத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

தாய்மார்களே! குழந்தை பூச்சியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்க்கிறது. நாம் அலறும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு பாடம் நடத்தி முடிக்கிறோம். அமைதியாக இருக்கும் ஒவ்வொரு முறையும் வேறொரு பாடம் நடத்துகிறோம். தந்தைமார்களும் ஆசிரியர்களும் செய்வது இன்னும் மோசம். அந்த அச்சத்தைக் கேலி செய்து, அதன்மேல் வெட்கத்தையும் ஏற்றி வைக்கிறோம். அச்சத்தோடு வெட்கமும் சேர்ந்தால் பிள்ளை வாய் திறப்பதை நிறுத்திவிடுகிறது. பிறகு நமக்குத் தெரிவது அதன் 'சோம்பல்' மட்டுமே.

சுவரில் இருப்பது யார்?

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்திற்குக் கால்களைப் பரப்பித் தட்டையாக ஒட்டியிருக்கும் பழுப்புநிறச் சிலந்தி, வெப்ப நாடுகளின் வீடுகளிலெல்லாம் காணப்படும் வேட்டைச் சிலந்தியாகும். இரைபிடிக்க வலை பின்னாது. இரவில் வெளிவந்து கரப்பான் பூச்சியைத் துரத்திப் பிடித்து உண்ணும். பெண் சிலந்தி தன் முட்டைகளைத் தட்டையான வெண்ணிறப் பையில் வைத்து, அவை பொரியும் வரை வயிற்றின் அடியில் அணைத்துச் சுமக்கும். நாம் தரையை மிதித்துக் கூச்சலிடும்போது அந்த அதிர்வை உணர்ந்து அது கண்ட திசையில் ஓடுகிறது. சில சமயம் அத்திசை நம் கால்பக்கமாக அமைந்துவிடுகிறது. அது நம்மைத் துரத்துவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

சன்னல் ஓரத்தில் ஈயைப் பிடிக்கப் பதுங்கிப் பாயும் சின்னஞ்சிறு சிலந்தியையும் பார்த்திருப்பீர்கள். ஹிஜ்ரி 255-ல் மறைந்த பஸராவின் பேரறிஞர் அல் ஜாஹிழ் அவர்கள், தமது 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் இதை விவரித்திருக்கிறார். சிறுத்தை வேட்டையாடுவதுபோல் ஈயை வேட்டையாடும் இதற்கு 'லைஸ்', அதாவது சிங்கம், என்று பெயர் என்கிறார். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் சுவரருகே பொறுமையாக அமர்ந்து கவனித்ததை, நாம் துடைப்பத்தால் முடித்துவிடுகிறோம்.

மார்க்கச் சட்டம் என்ன என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. எங்கும் கொல்லலாம் என அனுமதிக்கப்பட்ட ஐந்து தீங்கிழைப்பனவாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியில் காகம், பருந்து, தேள், எலி, வெறிநாய் ஆகியவை கூறப்பட்டுள்ளன. அவற்றில் சிலந்தி இல்லை. கொல்லக் கூடாதவை என அபூதாவூதில் வரும் எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், கீச்சான் ஆகிய நான்கிலும் அது இல்லை. சிலந்தி ஷைத்தான் என்றும், அதைக் கொல்ல வேண்டும் என்றும் உலவும் கூற்றுகள் பலவீனமானவை. ஆகவே, வீட்டைத் தூய்மையாக வைக்க ஒட்டடை அடிப்பது நற்செயல். தீங்கு செய்தால் அகற்றலாம். தீங்கற்ற உயிரை வெறுப்பினால் மட்டும் நசுக்குவது ஒரு முஃமினுக்கு அழகன்று.

டம்ளரும் அட்டையும்

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்பவர், இத்தகைய அச்சங்களுக்கு ஒரே அமர்வில் சிகிச்சை அளிக்கும் முறையை 1989-ல் வெளியிட்டார். கட்டாயப்படுத்துவதில்லை; ஏமாற்றுவதில்லை. அஞ்சுபவரின் சம்மதத்தோடு, ஒவ்வொரு அடியாக, அஞ்சும் பொருளின் அருகே அழைத்துச் செல்வார்கள். ஒவ்வோர் அடியிலும் படபடப்புத் தணியும் வரை காத்திருப்பார்கள். படித்தபோது, முன்னே வா, அஞ்சாதே, அதைப் பிடி என்ற அந்தத் தூர் மலையடிவாரம்தான் என் நினைவுக்கு வந்தது.

நாங்கள் வல்லுநர்கள் அல்லர். எங்களுக்கு அவசரமும் இல்லை. என் துணைவியார் அச்சிறுமியின் தாயாரையும் சேர்த்துக்கொண்டு, ஒருநாள்விட்டு ஒருநாள் மாலையில் கால்மணி நேரம் ஒதுக்கினார். முதல் நாள் படம் மட்டும். அடுத்து, குளியலறைக் கதவருகே நின்று பார்ப்பது. பிறகு பத்தடி, ஏழடி, நான்கடி. "போதும் மாமி" என்று அவள் சொன்னால் அத்துடன் நிறுத்திவிடுவார். மூன்றாம் வாரம், அகன்ற கண்ணாடி டம்ளரைச் சிலந்தியின் மேல் மெல்லக் கவிழ்த்து, சுவருக்கும் டம்ளருக்கும் இடையே ஒரு கெட்டி அட்டையைச் செருகி, அப்படியே தோட்டத்து வாழைமரத்தடியில் கொண்டுபோய் விட்டுக் காட்டினார். நானும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வகுப்பில் நான் இரண்டாவது மாணவன்.

ஐந்தாம் வாரம் அவளே டம்ளரைப் பிடித்தாள். கை நடுங்கியது. ஆனால் டம்ளர் விழவில்லை.

அவள் திரும்பவும் மக்தபுக்கு வந்த முதல் நாள், எந்த வகுப்பின் முன் அவளை அவமானப்படுத்தினேனோ அந்த வகுப்பின் முன்னிலையிலேயே, நான் கூறியது தவறு என்று சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நபி மூஸா (அலை) அவர்களின் நிகழ்ச்சியைப் பாடமாக நடத்தினேன். நாற்காலியின் மேல் ஏறியதையும் மறைக்கவில்லை. பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

சில வாரங்களுக்குப் பின் குர்ஆன் ரேக்கு அடுக்கியிருந்த இடத்தில் ஒரு சிலந்தி தென்பட்டது. பையன் ஒருவன் செருப்பை எடுக்க ஓடினான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அடிக்காதே. ஹஜ்ரத், டம்ளர் இருக்கா?"

இல்லங்களுக்குச் சில குறிப்புகள்

1. உறங்குமுன் படுக்கையை உதறிக்கொள்ளுங்கள். நாம் இல்லாதபோது அதில் என்ன வந்து தங்கியது என்பதை நாம் அறியோம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஸுன்னத் இது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. செருப்பு, ஷூ, தலைக்கவசம், வெகுநாள் தொங்கிய சட்டை ஆகியவற்றையும் உதறுங்கள்.

2. மழைக்காலத்தில் விளக்கேற்றும் முன் சன்னலை மூடுங்கள் அல்லது வலை அடியுங்கள். உடலில் ஆரஞ்சும் கருப்புமான சிறு வண்டு ஊர்ந்தால் நசுக்காதீர்கள். ஊதியோ, தாளில் ஏற்றியோ அகற்றுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள்.

3. எந்தப் பூச்சி கடித்தாலும் சோப்பால் கழுவிக் குளிர்ந்த துணியை வையுங்கள். கீறுவது, சுடுவது, இறுகக் கட்டுவது வேண்டாம். வீக்கம் பரவினாலும், காய்ச்சல், தசைப்பிடிப்பு, மூச்சுத் திணறல் கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துஆ ஓதுங்கள், மருந்தையும் செய்யுங்கள். இரண்டும் ஸுன்னத்தே.

4. பிள்ளையின் அச்சத்தைக் கேலி செய்யாதீர்கள். பூச்சியைக் காட்டி மிரட்டிச் சோறூட்டாதீர்கள். அச்சம் மிகுந்து தொழுகையோ படிப்போ உறக்கமோ தடைபட்டால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் எந்த வெட்கமும் இல்லை.

இறுதியாக ஒரு சொல். அல் அன்கபூத் அத்தியாயத்தின் 41-ஆம் வசனம், அல்லாஹ்வை விட்டுவிட்டு வேறு பாதுகாவலர்களை எடுத்துக்கொள்வோருக்குச் சிலந்தியின் வீட்டை உவமையாகக் கூறுகிறது. வீடுகளிலெல்லாம் பலவீனமானது அதுவே என்கிறது. சிலந்தியின் நூல் வலிமையானதே. ஆனால் அந்த வீடு வெயிலையும் தடுக்காது, குளிரையும் தடுக்காது என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். வசனத்தின் கருத்து ஏகத்துவத்தைப் பற்றியது. அதை நான் வேறுபக்கம் திருப்ப விரும்பவில்லை. ஆயினும் அந்த விளக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் வகுப்பு நினைவுக்கு வருகிறது. நடுங்கி வந்த ஒரு குழந்தைக்கு அன்று அது நிழல் தரவில்லை. நம் வீடுகளும் மக்தபுகளும் அவ்வாறு ஆகாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.